ஆப்தர் யார்: கணினிப் பாதுகாப்பும் உரை அளவையும்

பல்கலைக்கழகங்களில் கணினிப் பாதுகாப்பு முதன்முதலாகக் கற்பிக்கப்படும்போது, அது பெரும்பாலும் செய்யத்தக்கவை, செய்யத்தகாதவை ஆகியவற்றின் பட்டியலாகவே மாணவரை வந்தடைகிறது. நீண்ட கடவுச்சொல்லை வைக்க வேண்டும், ஒரே கடவுச்சொல்லை இரண்டு இடங்களில் பயன்படுத்தக் கூடாது, அறியாதவர் அனுப்பும் இணைப்பைத் திறக்கக் கூடாது, மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்னும் அறிவுரைகள் யாவும் சரியானவையே எனினும், அவை எந்தக் கேள்விக்கு விடையாக எழுந்தன என்பதை அப்பட்டியல் சொல்வதில்லை. தன் கண்ணால் காணாததும் தன் அறிவால் சரிபார்க்க இயலாததுமான ஒன்றைப் பிறர் சொல்லை மட்டும் கொண்டு ஏற்பது எப்போது நியாயமாகும் என்பதே அக்கேள்வி. இந்திய மெய்யியல் மரபுகள் பல நூற்றாண்டுகளாகத் தமக்குள் வாதிட்ட சிக்கல்களுள் ஒன்று இது. கணினிப் பாதுகாப்புத் துறை கடந்த ஐம்பது ஆண்டுகளில் அதே வாதத்தை, முன்னோர் வாதிட்டதை அறியாமலேயே, வேறு கருவிகளைக் கொண்டு மீண்டும் நடத்தியிருக்கிறது.

மெய்யறிவைப் பெறுதற்குரிய வழியைப் பிரமாணம் என்றும், தமிழில் அளவை என்றும் நூல்கள் வழங்குகின்றன. எத்தனை அளவைகளை ஏற்பது என்பதிலேயே சமயங்கள் பிரிந்தன: உலகாயதர் காட்சி ஒன்றோடு நின்றனர், பௌத்தத் தருக்க நூலார் காட்சியையும் அனுமானத்தையும் மட்டுமே ஏற்றனர், நையாயிகர் ஒப்பையும் உரையையும் சேர்த்து நான்கு என்றனர். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அளவைவாதி இவற்றைப் பத்தாக விரிக்கிறான்; 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அத்தகைய விரிவுகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடக்கிவிடுகிறது. கணினியின் முன் அமர்ந்திருக்கும் மாணவரின் நிலையை விளக்க இம்மூன்றும் போதும்.

இவற்றுள் காண்டல் இணையத்தில் விரைவிலேயே கைவிட்டுவிடுகிறது. சிப்பியை வெள்ளி எனக் காணும் மயக்கத்தில், கையில் எடுத்துப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். இணைய முகவரியில் அந்த வசதியும் இல்லை. இலத்தீன் எழுத்துகளைப் போலவே தோன்றும் சிரிலிக் எழுத்துகளால் ஒரு முகவரியை அமைத்தால், கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள், மனிதக் கண்ணுக்கோ ஒரே பெயர். 2017இல் ஓர் ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைப் போலவே தோன்றும் ஒரு முகவரியை முழுவதும் சிரிலிக் எழுத்துகளால் பதிவுசெய்து, அன்றைய குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது என்பதைக் காட்டினார். கூர்ந்து பார்த்தால் மோசடியைக் கண்டுகொள்ளலாம் என்னும் அறிவுரை அத்தகைய இடத்தில் பயனற்றது. ஆகவே வங்கியின் தளம் எனத் தோன்றுவது வங்கியின் தளமே என்பதை மாணவர் உரை அளவையால்தான், அதாவது நம்பத்தக்க ஒருவரின் சொல்லால்தான், அறிய வேண்டியிருக்கிறது.

நியாய சூத்திரம், ஆப்தரின் உபதேசமே உரை அளவை என்று வரையறுக்கிறது. ஆப்தர் என்பவர் பொருளை நேரே அறிந்தவர், அறிந்ததை அறிந்தவாறே சொல்ல விரும்புபவர் என்று அதன் உரையாசிரியரான வாத்ஸ்யாயனர் விளக்கி, இவ்விலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றே என்றும் சேர்க்கிறார். பிறப்பையும் இனத்தையும் ஒதுக்கிவிட்டு அறிவு, நேர்மை ஆகிய இரண்டை மட்டும் கேட்கும் இவ்வரையறை, அதன் காலத்தை நோக்க வியப்பளிப்பது. பின்வரும் நிகழ்ச்சிகளை எடைபோட அதைவிடக் கூர்மையான கருவி பாடநூல்களிலும் எளிதில் கிடைப்பதில்லை.

1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் பொதுச்சாவிக் குறியாக்கத்தை முன்வைத்தனர். ஒவ்வொருவரும் உலகறிய வெளியிடும் பொதுச்சாவி ஒன்றையும் தம்மிடமே வைத்துக்கொள்ளும் தனிச்சாவி ஒன்றையும் கொண்டிருப்பர். பொதுச்சாவியால் பூட்டிய செய்தியைத் தனிச்சாவியால் மட்டுமே திறக்க முடியும். முன்பின் அறியாத இருவர் மறைவாகப் பேசுவதற்கு இது வழிவகுத்தது எனினும், பழைய சிக்கல் உடனே புதிய உருவில் திரும்பியது: இந்தப் பொதுச்சாவி வங்கியினுடையது என்பதற்குச் சான்று யார்? 1978இல் லோரன் கோன்ஃபெல்டர் என்னும் மாணவர் எம்.ஐ.டி.யில் அளித்த இளநிலைப் பட்ட ஆய்வேட்டில் இதற்கு முன்மொழிந்த தீர்வுதான் சான்றிதழ். இந்தச் சாவி இந்தப் பெயருக்கு உரியது என்று மூன்றாம் தரப்பு ஒன்று கையொப்பமிட்டுத் தரும் உரை அது. அதற்குமேல் அது எதையும் சொல்வதில்லை. பெயருக்கு உரியவர் நேர்மையானவரா என்பது சான்றிதழின் பொருளன்று. ஆதலால், மேலே சொன்ன சிரிலிக் முகவரிக்கும் செல்லத்தக்க சான்றிதழ் கிடைத்துவிடும். உலாவியில் தோன்றும் பூட்டுக்குறியைக் கண்டு தளத்தை நம்புவோர், சாட்சி சொல்லாத ஒன்றைச் சாட்சியின் வாயில் ஏற்றுகின்றனர்.

சான்றளிக்கும் நிறுவனத்தின் கையொப்பத்தை எதைக் கொண்டு நம்புவது? அதற்கு மேலுள்ள நிறுவனத்தின் கையொப்பத்தைக் கொண்டு. அதனை, அதற்கும் மேலுள்ளதைக் கொண்டு. வரம்பின்றிப் பின்னோக்கிச் செல்லும் இத்தகைய ஓட்டத்தைத் தருக்க நூல்கள் அனவஸ்தை என்று குற்றமாகக் கூறும். பிரமாணங்கள் வேறு பிரமாணங்களால் நிறுவப்படுமாயின் முடிவே இராது, தம்மைத் தாமே நிறுவிக்கொள்ளுமாயின் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று நாகார்ச்சுனர் விக்ரகவியாவர்த்தனியில் எழுப்பிய தடை இதுவே. கணினித் துறை இரண்டாம் வழியைத் தேர்ந்துகொண்டது. சங்கிலியின் தலையில் மூலச் சான்றிதழ் இருக்கிறது. அதில் கையொப்பமிட்டிருப்பது அதுவேதான். அத்தகைய மூலச் சான்றிதழ்கள் நூற்றுக்கு மேற்பட்டவை உலாவிக்குள்ளோ இயங்குதளத்துக்குள்ளோ முன்கூட்டியே வைக்கப்பட்டு வருகின்றன. தம் கணினி எத்தனை மூலச் சாட்சிகளை நம்புகிறது, அவற்றை நடத்துவோர் யார், எந்நாட்டவர் என்பதைப் பெரும்பாலான பயனர்கள் வாழ்நாளில் ஒருமுறையும் பார்ப்பதில்லை. அச்சாட்சிகளுள் எந்த ஒன்றும், வேறு கட்டுப்பாடு இல்லாதவிடத்து, உலகின் எந்தத் தளத்துக்கும் சான்று கூற முடியும் என்பதையும் அவர்கள் அறிவதில்லை.

இவ்வமைப்பின் வலுவின்மை 2011இல் வெளிப்பட்டது. நெதர்லாந்தில் இயங்கிய டிஜிநோட்டார் என்னும் சான்றளிக்கும் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள் ஐந்நூறுக்கு மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களை உண்டாக்கினர். கூகுள் தளங்களின் பெயரால் சூலை மாதத்தில் உருவான ஒரு சான்றிதழைக் கொண்டு ஈரான் நாட்டுப் பயனர்களின் மின்னஞ்சல் போக்குவரத்து இடைமறிக்கப்பட்டது. ஊடுருவலை அதே மாதத்தில் அறிந்துகொண்ட நிறுவனம், தான் கண்டறிந்த சான்றிதழ்களை நீக்கியதேயன்றிப் பொதுமக்களுக்கு எதையும் தெரிவிக்கவில்லை. ஆகஸ்டு இறுதியில், கூகுள் தளங்களுக்குரிய சாவிகளைத் தனியே நினைவில் கொண்டிருந்த குரோம் உலாவி ஈரானியப் பயனர் ஒருவருக்குக் காட்டிய எச்சரிக்கையால்தான் உண்மை வெளியாயிற்று. உலாவிகள் யாவும் அந்நிறுவனத்தைத் தம் பட்டியலிலிருந்து நீக்கின. செப்டம்பரில் அது நொடித்துப்போனது. இந்தியாவும் இதற்கு விலக்கன்று. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்கீழ் இயங்கும் சான்றளிப்புக் கட்டுப்பாட்டாளரின் மூலச் சான்றிதழை ஆதாரமாகக் கொண்டு தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் கூகுள் தளங்களுக்கு உரிமையற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தது 2014 சூலையில் கண்டறியப்பட்டது. அதன்பின் அந்த மூலச் சான்றிதழ் சில இந்தியப் பெயர்வெளிகளுக்கு மட்டுமே செல்லும் என்று குரோம் உலாவி எல்லை வகுத்தது.

ஓர் அறிவு மெய்யென்பது அவ்வறிவிலேயே அமைந்ததா, வெளியிலிருந்து நிறுவப்பட வேண்டியதா என்னும் வினாவில் மீமாம்சகரும் நையாயிகரும் எதிரெதிராக நின்றனர். நையாயிகர் கொள்கை பரதப்பிராமாணியம் எனப்படும்: அறிவு மெய்யென்பதை அதன்வழி நிகழும் செயல் பயன் தருவதைக் கொண்டே தெளிய வேண்டும், தொலைவில் நீர் எனக் கண்டது நீர்தானா என்பதைப் பருகித் தாகம் தீர்வதால் அறியலாம். மீமாம்சகராகிய குமாரிலபட்டர் கொள்கை சுவதப்பிராமாணியம்: எந்த அறிவும் எழும்போதே மெய்யென்னும் தகுதியோடு எழுகிறது, அதற்கு மாறான அறிவு தோன்றினாலோ அதைத் தோற்றுவித்த காரணத்தில் குற்றம் காணப்பட்டாலோ மட்டுமே அத்தகுதி நீங்கும். காரணமின்றி ஐயுற்றுக்கொண்டே போவதை அவர் ஏற்பதில்லை. மூன்று நான்கு அறிவுகளுக்குமேல் சரிபார்க்க வேண்டியதில்லை என்கிறார்.

கணினி மென்பொருளைப் பொறுத்தவரை நையாயிகரின் உரைகல் பயன்படுவதில்லை என்பதே இங்கு முதன்மையாகக் கருதத்தக்கது. பின்வாசல் வைக்கப்பட்ட மென்பொருளும், அதாவது உருவாக்கியவர் மட்டும் அறிந்த மறைவழியைக் கொண்ட மென்பொருளும், தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. செயல் பயன் தருகிறது, தாகம் தீர்கிறது, நஞ்சும் உள்ளே போகிறது. இதனை முடிந்த முடிபாகக் காட்டியவர் கென் தாம்சன். டென்னிஸ் ரிச்சியுடன் இணைந்து 1983ஆம் ஆண்டுக்குரிய டூரிங் விருதைப் பெற்ற அவர், 1984இல் வெளியான தம் ஏற்புரையில், மனிதர் எழுதும் மூலநிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரிலேயே ஒரு பின்வாசலை வைக்கலாம் என்று விளக்கினார். அந்தக் கம்பைலர் பிற நிரல்களில் பின்வாசலைச் சேர்ப்பதோடு, புதிய கம்பைலரை உருவாக்கும்போது அதற்குள்ளும் அதே சூழ்ச்சியைப் புகுத்திவிடும். அதன்பின் மூலநிரலில் ஒரு தடயமும் எஞ்சாது. வரிவரியாகப் படித்தாலும் குற்றம் தெரியாது. தாமே எழுதாத நிரலை ஒருவர் முழுமையாக நம்ப இயலாது என்பது அவர் கண்ட முடிவு. அம்முடிவு சரியானதே, ஆனால் அது வழி காட்டுவதில்லை. கம்பைலரையும் சில்லையும் தாமே செய்துகொள்ளும் மனிதர் உலகில் இல்லை.

வழி வேறொரு திசையிலிருந்து வந்தது. டேவிட் வீலர் 2005இல் வெளியிட்டு 2009இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்த முறை, ஒரே மூலநிரலை ஒன்றையொன்று சாராத இரண்டு கம்பைலர்களின் வழியே செலுத்தி, இறுதி விளைவுகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. டிஜிநோட்டார் நிகழ்ச்சிக்குப்பின் 2013இல் வரைவு பெற்ற சான்றிதழ் வெளிப்படைத்தன்மை என்னும் ஏற்பாடும் இத்தகையதே: வழங்கப்படும் சான்றிதழ்கள் எவரும் காணக்கூடிய, பின்னர் அழிக்க இயலாத பதிவேடுகளில் ஏற வேண்டும், தம் பெயரில் பொய்ச் சான்றிதழ் எழுந்தால் உரியவர் அதனைக் கண்டுகொள்ளலாம். இவ்விரண்டும் எந்தச் சாட்சியையும் ஆப்தர் என நிறுவுவதில்லை. சாட்சி பொய் சொன்னால் அதற்கு மாறான அறிவு நம்மை வந்தடையும் வாயிலைத்தான் இவை அமைக்கின்றன. குமாரிலருடைய கொள்கையை அப்படியே ஏற்று, அவர் தேவையெனக் கருதாத ஒரு கடமையை அதனுடன் சேர்த்ததாக இதைக் கொள்ளலாம்: மறுக்கப்படும்வரை நம்பலாம், ஆனால் மறுப்பு எழுவதற்கான ஏற்பாட்டைச் செய்த பிறகே நம்பலாம்.

2024 மார்ச்சில் வெளியான எக்ஸ்இசட் நிகழ்ச்சி இதற்குத் தெளிவான சான்று. லினக்ஸ் கணினிகளில் கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் அந்தத் திறந்த மூல மென்பொருளில், சியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல திருத்தங்களை அளித்து, பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, தாமும் பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் பின்வாசலை நுழைத்தார். பொருளை நன்கு அறிந்தவர் என்னும் ஆப்த இலக்கணத்தின் முதற்பாதி அவரிடம் இருந்தது. நேர்மை என்னும் மறுபாதியை அவருடைய நற்செயல்களைக் கொண்டே மற்றவர்கள் அனுமானித்துவிட்டனர். அதைக் கண்டறிந்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியாளர். தொலைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகிறது என்பதைக் கவனித்து, அதன் காரணத்தைத் தேடிச் சென்றதில் அவர் பின்வாசலை அடைந்தார். நிரல் திறந்திருந்ததால் தேட முடிந்தது. மூடிய மென்பொருளாயின் அந்த அரை நொடி எரிச்சலாகவே முடிந்திருக்கும்.

மனிதச் சாட்சிகள் இவ்வாறு தவறுவதால், கணிதத்தை மட்டும் நம்பினால் போதும் என்று கூறுவோர் உளர். மீமாம்சகர் வேதத்தைப் பற்றிக் கூறியது இதற்கு இணையானது: உரையில் குற்றம் புகுவது உரைப்பவரால், வேதத்துக்கோ ஆக்கியோன் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. இதனை அபௌருஷேயம் என்பர். நையாயிகரும் சைவ சித்தாந்தியரும் இதை ஏற்காமல், இறைவன் அருளியதாலேயே மறைக்கும் ஆகமத்துக்கும் பிரமாணத் தகுதி என்றனர். ஆக்கியோன் இல்லாத கணிதத்துக்கும் கணினிக்குள் வந்தவுடன் ஆக்கியோர் வந்துவிடுகின்றனர் என்பதை 2008இல் வெளிப்பட்ட டெபியன் பிழை காட்டியது. 2006இல் பராமரிப்பாளர் ஒருவர் தேவையற்றவை எனக் கருதி இரண்டு வரிகளைச் செயலிழக்கச் செய்ததால், எண்ணி முடியாத அளவுக்குப் பலவாக இருந்திருக்க வேண்டிய சாவிகள், ஒரே வகைக் கணினியில் ஒரே நீளத்துக்கு 32,768 என்ற அளவுக்குள் சுருங்கின. அதுவும் நிற்க, பொதுச்சாவிக் குறியாக்கத்தை உடைப்பது கடினம் என்பதற்கே முழு நிறுவல் கிடையாது. பலர் முயன்றும் சாதாரணக் கணினியால் இதுவரை உடைக்கப்படவில்லை என்பதே அதற்குள்ள ஆதாரம். கணிதத்தின் மீதான நம்பிக்கையும் மறுக்கப்படும்வரை நிற்கும் நம்பிக்கைதான்.

அந்தரங்கத்தைப் பேசும்போது இந்தப் பாதை மாறுகிறது. சான்றிதழை நீக்கலாம், கடவுச்சொல்லை மாற்றலாம், பழுதான பதிப்பைக் களையலாம். அறியப்பட்டுவிட்ட ஒன்றை அறியப்படாததாக மாற்ற வழியில்லை. ஆகையால் மறுக்கப்படும்வரை நம்பலாம் என்னும் மீமாம்சக நிலை அந்தரங்கத்துக்குப் பொருந்தாது. இங்கே மறுப்பு வந்துசேரும்போது இழப்பு முடிந்திருக்கும். போதாக்குறைக்கு, இங்கே ஊறு விளைவிப்பது பெரும்பாலும் கருதல் அளவை. 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் திரைப்படங்களுக்கு வழங்கிய 10 கோடி மதிப்பீடுகளை, பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு போட்டிக்காக வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் நாராயணனும் விட்டாலி ஷ்மாட்டிகாவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு மதிப்பீடுகளும், இரண்டு வாரம் முன்பின்னாக அவற்றின் தேதிகளும் தெரிந்தால், அவ்வெட்டில் இரண்டு முற்றிலும் தவறாக இருந்தாலுங்கூட, 99 விழுக்காட்டுப் பதிவுகளைத் தனித்து அடையாளம் காணலாம் என்று காட்டினர். பெயர்களை நீக்கிவிட்டோம் என்று நிறுவனம் கூறியது உண்மையே. அதில் வஞ்சம் இல்லை. ஆனால் ஒருவரின் விருப்பங்களே அவருடைய பெயராக அமையக்கூடும் என்பதை அது அறிந்திருக்கவில்லை. சியா டான் அறிவுடையவராய் நேர்மையற்றிருந்தார். இந்நிறுவனம் நேர்மையுடையதாய் அறிவற்றிருந்தது. வாத்ஸ்யாயனர் இரண்டையும் ஏன் கேட்டார் என்பது இவ்விடத்தில் விளங்கும்.

சட்டமும் பெரும்பாலும் நிகழ்ந்தபின் வருவதாகவே அமைந்துள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2023இல் இயற்றப்பட்ட எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியைச் சேரும், தரவை இழந்தவரைச் சேராது. எனவே தம்மைப் பற்றிய தகவலைக் கொடுக்கும் இடத்தில் மாணவர் நையாயிகராக இருப்பதே முறை: தேவை நிறுவப்படாத இடத்தில் கொடுக்க வேண்டியதில்லை. செயலி கேட்கும் தொடர்புப் பட்டியலும் இருப்பிடமும் மாற்ற இயலாத கைரேகையும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவ்வளவையும் கற்ற மாணவர் எல்லாவற்றையும் ஐயுறத் தொடங்கினால் அதுவும் பிழையாகும். ஐயத்துக்கு எல்லை முரண்பாடு என்று உதயணர் நியாயகுசுமாஞ்சலியில் கூறுகிறார். புகை வேண்டும்போது தயங்காமல் நெருப்பை மூட்டும் ஒருவர், நெருப்பால் புகை உண்டாகிறதா என்று ஐயுறுவதாகச் சொன்னால் அவருடைய செயலே அவர் சொல்லை மறுக்கிறது என்பது அதன் கருத்து. உளவு நிறுவனங்கள் தம் சில்லுக்குள் புகுந்திருக்குமோ என்று அஞ்சிக்கொண்டே, விடுதியின் பொதுக் கணினியில் மின்னஞ்சலைத் திறந்துவைத்துவிட்டுப் போகும் மாணவரின் ஐயம் அத்தகையது. எதை, யாரிடமிருந்து, எவ்வளவு செலவில் காப்பது என்று முதலில் வரையறுப்பதை இத்துறையினர் அச்சுறுத்தல் மாதிரி என்கின்றனர். செயலை மாற்றும் ஐயத்தையும் மாற்றாத ஐயத்தையும் பிரித்துத் தருவது அதுவே.

செயலை மாற்ற வேண்டிய ஐயம் ஒன்று உண்டு. 2019 சூலையில் கசகஸ்தான் அரசு, தான் உருவாக்கிய மூலச் சான்றிதழ் ஒன்றைக் குடிமக்கள் தம் கருவிகளில் நிறுவிக்கொள்ள வேண்டும் என்று இணையச் சேவை நிறுவனங்களின் வழியே கூறியது. அதை நிறுவிய கருவியில் அரசு எந்தத் தளத்தின் பெயராலும் சான்றிதழை உண்டாக்கி, நடுவில் நின்று உரையாடலைப் படிக்கலாம். ஈரானியப் பயனருக்கு வந்ததுபோன்ற எச்சரிக்கைகூட அங்கே எழாது, ஏனெனில் பயனர் தாமாக நிறுவிய மூலச் சான்றிதழ்களை உலாவிகள் அத்தகைய சோதனைக்கு உட்படுத்துவதில்லை. ஆகஸ்டில் கூகுள், மொசில்லா, ஆப்பிள் ஆகியவை தம் உலாவிகளில் அந்தச் சான்றிதழ் செல்லாதபடி தடுத்தன. 2020 டிசம்பரில் மீண்டும் முயன்றபோதும் தடுத்தன. கல்லூரி வலையமைப்போ அலுவலகமோ தேர்வுச் செயலியோ, தன் மூலச் சான்றிதழை மாணவரின் சொந்தக் கருவியில் நிறுவச் சொல்லும் வழக்கம் வேறு நாடுகளிலும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கலாம். ஆனால் அதனை நிறுவும் மாணவர், அந்த நிறுவனத்தைத் தம் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் மின்னஞ்சலுக்கும் சேர்த்து ஆப்தராக்குகிறார். அதன் தனிச்சாவி யாரிடம் இருக்கிறது, இடைமறிக்கும் தளங்கள் எவை, படிப்பு முடிந்தபின் சான்றிதழை நீக்குவது எப்படி என்று எழுத்தில் விடை பெறாமல் அதை நிறுவக் கூடாது.